சமாதான ஒப்பந்தத்தில் பெண்களைத் தேடிப் படிப்பது எப்படி? சென்னையில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வாசலில் ஒரு சனிக்கிழமை மாலை, சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உள்நாட்டுப் போர் முடிகிற இடத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று படிக்க ஆசை. எந்தப் புத்தகத்தை முதலில் எடுக்கட்டும்?" என்றார். புத்தகத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முதலில் ஒரு ஒப்பந்தத்தை எடுங்கள் என்றேன். அவர் முகம் சற்று வாடியது. சட்ட நடையில் எழுதிய பக்கங்களை யார் உட்கார்ந்து படிப்பது என்று நினைத்திருப்பார். மூன்று வாரம் கழித்து, பென்சில் கோடுகள் நிறைந்த அச்சுப் பிரதியோடு வந்து நின்றவரும் அவர்தான்.

அவருக்குச் சொன்னதையும், எங்கள் வாசிப்புக் குழுவில் சில ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கல்லூரி மாணவிகள், மகளிர் அமைப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள், முகாமில் பிறந்து சென்னையில் படிக்கும் ஈழத்துப் பிள்ளைகள் ஆகியோரை மனத்தில் வைத்திருக்கிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், நான்கைந்து வார இறுதிகள் போதும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: பேச்சுவார்த்தை மேசையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று எண்ணிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவர்கள் எந்த வாக்கியத்தை எழுத வைத்தார்கள், அந்த வாக்கியம் பிறகு என்ன ஆயிற்று என்பதுவரை போங்கள்.

முதல் படி: ஒரே ஒரு போரைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பத்து நாடுகளை ஒரே மூச்சில் படிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகிறது. ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தின் 1998 ஒப்பந்தம் சிறியது, ஒரு பிற்பகலில் படித்துவிடலாம். லைபீரியாவின் 2003 ஒப்பந்தமும் தொடக்கத்துக்கு ஏற்றது. கொலம்பியாவின் 2016 ஒப்பந்தம் 300 பக்கங்களைத் தாண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

இலங்கையை முதலில் எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சென்னையில் வளர்ந்த நமக்கு அந்தப் போரைப் பற்றி ஏற்கெனவே முடிவு கட்டிய எண்ணங்கள் உண்டு. படிக்கும்போது அவை முந்திக்கொண்டு பேசும். வேறொரு நாட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு அங்கே வாருங்கள். தெளிவாகப் பார்ப்பீர்கள், அதிகமாகவும் வலிக்கும்.

ஒப்பந்தங்களின் மூலப் பிரதிகளை ஐக்கிய நாடுகள் அவையின் சமாதான ஒப்பந்தத் தொகுப்பிலும், எடின்பரோ பல்கலைக்கழகம் நடத்தும் பிஏ-எக்ஸ் என்ற தொகுப்பிலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இரண்டாவது தொகுப்பில் பெண்களைப் பற்றிய பிரிவுகளைத் தனியே பிரித்துத் தேடும் வசதி உண்டு. ஆனாலும் முதல் ஒப்பந்தத்தை முழுவதுமாகப் படியுங்கள். தேடுபொறி காட்டுகிற இடத்தை மட்டும் படித்தால், பெண்கள் இருந்திருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பது கண்ணில் படாது.

பின்னணி வாசிப்புக்குக் கோட்டூர்புரத்தோடு எழும்பூர் கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. பழைய தமிழ் இதழ்கள் வேண்டுமானால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போகுமுன் நேரத்தையும் உறுப்பினர் விதிகளையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மேசையை வரையுங்கள்

இது விளையாட்டுப் போலத் தோன்றும், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். நோட்டில் ஒரு நீள்சதுரம் போடுங்கள். இரண்டு பக்கமும் யார் உட்கார்ந்தார்கள் என்று பெயர் எழுதுங்கள். நடுவில் மத்தியஸ்தர். பின்வரிசையில் ஆலோசகர்கள், வரைவு எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். வெளியே தாழ்வாரம். அதற்கும் வெளியே தெரு. ஒவ்வொரு வட்டத்திலும் பெண்கள் யார் என்று தேடிக் குறியுங்கள்.

பெரும்பாலான படங்களில் உள்வட்டம் காலியாகவும் தெரு நிரம்பியும் இருக்கும். 1992 முதல் 2019 வரை நடந்த முக்கியமான சமாதானப் பேச்சுகளில், பேச்சாளர்களில் பெண்கள் சராசரியாக 13 விழுக்காடு, மத்தியஸ்தர்களில் 6, கையெழுத்திட்டவர்களிலும் 6. ஐக்கிய நாடுகள் மகளிர் அமைப்பு வெளியிட்ட கணக்கு இது. இத்தனைக்கும் பெண்களுக்கு இந்த மேசையில் இடம் வேண்டும் என்று பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்றே 1325-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருந்தது. இந்தத் துறையில் யாரைச் சந்தித்தாலும் "பதின்மூன்று இருபத்தைந்து" என்று ஏதோ வீட்டு எண்ணைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். அந்த எண் இதுதான்.

நேபாளத்தை வரைந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். 1996-இல் தொடங்கிய மாவோயிஸ்ட் போர் 2006 நவம்பர் 21 அன்று ஒப்பந்தத்தில் முடிந்தது. கையெழுத்திட்டவர்கள் ஆண்கள். பிறகு ஐ.நா. தூதுக்குழு முகாம்களில் இருந்த போராளிகளைச் சரிபார்த்தபோது, உறுதி செய்யப்பட்ட 19,602 பேரில் 3,846 பேர் பெண்கள். துப்பாக்கி தூக்க ஐந்தில் ஒருவராக இருந்தவர்கள், பேனா எடுக்கும் இடத்தில் இல்லை. இதை நான் முதலில் நோட்டில் எழுதியபோது, அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

மாறான படமும் ஒன்று வேண்டும். பிலிப்பைன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையிலான பங்ஸமோரோ ஒப்பந்தம் 2014 மார்ச் 27 அன்று கையெழுத்தானது. அரசுத் தரப்பின் தலைமைப் பேச்சாளர் மிரியம் கொரோனல் ஃபெரர், அரசியல் அறிவியல் பேராசிரியர். இத்தகைய பெரிய ஒப்பந்தத்தில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட முதல் பெண் அவர்தான்.

மூன்றாம் படி: எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று கேளுங்கள்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். உள்ளே வந்த பெண்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கதவை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

வட அயர்லாந்தில் அது வாக்குச்சீட்டு. 1996-இல் பேச்சுக்கான பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. அதிக வாக்கு பெறும் முதல் பத்துக் கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் உறுதி என்று விதியில் இருந்தது. அந்த விதியைக் கவனித்துப் படித்தவர்கள் பெண்கள். சில வாரங்களில் பெண்கள் கூட்டணி என்று ஒரு கட்சியைத் தொடங்கி, மோதலின் இரு பக்கத்திலிருந்தும், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுமாக, வேட்பாளர்களை நிறுத்தினார்கள். கிடைத்தது ஏறக்குறைய ஒரு விழுக்காடு வாக்கு. அது போதுமானதாக இருந்தது. மோனிகா மெக்வில்லியம்ஸ், பேர்ல் சாகர் என்ற இருவர், ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புராட்டஸ்டண்ட், மன்றத்துக்குள் போனார்கள். அவர்கள் பேச எழுந்தபோது சில ஆண் உறுப்பினர்கள் மாடு கத்துவதுபோல ஒலி எழுப்பினார்கள். 1998 ஏப்ரல் 10 அன்று உடன்பாடு எட்டப்பட்டபோது, அரசியலில் பெண்கள் முழுமையாகவும் சமமாகவும் பங்கேற்கும் உரிமை, போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கான பிரிவு, இரு சமயக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கும் பள்ளி ஆகியவை அதில் இடம்பெற அந்தக் கூட்டணி உழைத்திருந்தது. ஒரு விழுக்காடு வாக்கு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் இந்தப் பிரிவுகளைக் காட்டுங்கள்.

சோமாலியாவில் கதவே இல்லை. 2000-இல் ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் நடந்த பேச்சில் இடங்கள் குலவாரியாக, ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. பெண்ணுக்குக் குலம் எது? பிறந்த வீட்டுக் குலமா, புகுந்த வீட்டுக் குலமா? இரண்டு குலமும் அவளைத் தங்கள் பிரதிநிதியாக ஏற்கவில்லை. ஆஷா ஹாஜி எல்மி உள்ளிட்ட பெண்கள், அப்படியானால் நாங்களே ஒரு குலம், ஆறாவது குலம் என்று அறிவித்தார்கள். இடைக்கால நாடாளுமன்றத்தின் 245 இடங்களில் 25 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. எங்கள் குழுவில் இதைப் படித்த நாளில், பெரம்பூரிலிருந்து வரும் மூத்த தோழி ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ரேஷன் கார்டில் பெயரை ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் சேர்ப்பதற்குள், நடுவில் ஆறு மாதம் நான் எந்த வீட்டிலும் இல்லை."

லைபீரியாவில் கதவைப் பெண்கள் வெளியிலிருந்து அடைத்தார்கள். மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே, வெள்ளை உடையில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். வழிநடத்தியவர்களில் முன்னால் நின்றவர் லேமா குபோவீ. 2003-இல் கானா நாட்டில் பேச்சு தொடங்கியபோது ஒரு குழு அங்கேயும் போனது. வாரங்கள் கழிந்தன. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, பேச வந்தவர்கள் பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலை மாதத்தில் ஒரு நாள் பெண்கள் அரங்கின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது குபோவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். பெற்றவள் தானாக உடை களைந்து நிற்பதைப் பார்ப்பது அந்த மண்ணில் பெரும் சாபம். வயிறு எரிந்து ஒரு தாய் விடும் சாபத்துக்கு நம் ஊரில் என்ன அச்சம் உண்டோ, அதே அச்சம் அங்கேயும் உண்டு. மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபூபக்கர் தலையிட்டுக் காவலர்களைத் தடுத்தார். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. குபோவீக்கு 2011-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அப்போது லைபீரியாவின் அதிபராக இருந்த எலன் ஜான்சன் சர்லீஃபும் ஏமனின் தவக்குல் கர்மானும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் 2004 ஜூலையில் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் உடை களைந்து நின்ற பன்னிரண்டு மணிப்பூர்த் தாய்மார்களை நினைக்காமல் இருக்க முடியாது. நம் நாட்டிலும் இந்த வரலாறு இருக்கிறது. 1984-இல் தொடங்கப்பட்ட நாகா தாய்மார்கள் சங்கம், இனி இரத்தம் சிந்த வேண்டாம் என்று காட்டு முகாம்கள்வரை நடந்து போய் ஆயுதக் குழுக்களிடம் பேசியது. அதே நாகாலாந்தில் சட்டமன்றத்துக்குப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது 2023-இல்தான், முதன்முறையாக இரண்டு பேர். காட்டுக்குள் போய்ச் சமாதானம் பேசலாம், சட்டமன்றத்துக்கு வரக்கூடாது என்ற அந்த இடைவெளியை நோட்டில் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளிலும் இதே இடைவெளி திரும்பத் திரும்ப வரும்.

நான்காம் படி: வினைச்சொல்லின் அடியில் கோடு போடுங்கள்

இப்போது ஒப்பந்தத்தைப் பிரியுங்கள். "பெண்" என்ற சொல் வருகிற இடங்களை முதலில் குறித்துவிடுங்கள். அது சுலபமான வேலை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு அந்தச் சொல் வராத இடங்களுக்குப் போங்கள்: ஆயுத ஒப்படைப்பு, பொதுமன்னிப்பு, நிலம், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், காவல்துறைச் சீர்திருத்தம், குடியுரிமை, பணம் யார் கையில் என்ற பிரிவு. பெண்களின் வாழ்க்கை உண்மையில் முடிவாவது இங்கெல்லாம்தான்.

ஆயுத ஒப்படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கொடுத்தால் உதவித்தொகை என்று எழுதினால் யார் விடுபடுவார்கள்? போராளிக் குழுவுக்குச் சமைத்தவள், காயத்துக்குக் கட்டுப்போட்டவள், மூட்டை சுமந்தவள், கடத்திக்கொண்டு போகப்பட்டவள். சியரா லியோனில் இப்படித்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் மறுவாழ்வுத் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். அந்தப் பிரிவில் "பெண்" என்ற சொல்லே இல்லாமல் பெண்களை வெளியே தள்ள முடிந்தது.

நல்ல உதாரணம் கொலம்பியா. அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய போர். கியூபாவின் ஹவானாவில் பேச்சு 2012-இல் தொடங்கியபோது பேச்சாளர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். பெண்கள் அமைப்புகள் 2013-இல் தேசிய மாநாடு கூட்டி அழுத்தம் கொடுத்தன. 2014-இல் இரு தரப்புப் பெண்களும் சேர்ந்த பாலினத் துணைக்குழு அமைந்தது. அந்தக் குழுவின் வேலை தனி அறிக்கை எழுதுவது கிடையாது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வரிவரியாகப் படித்துத் திருத்துவது. அதனால்தான் நிலப் பிரிவில் பெண்களுக்குத் தனி வழி வந்தது, பாலியல் வன்முறைக்குப் பொதுமன்னிப்பு கிடையாது என்ற வரி நின்றது.

இனி வினைச்சொற்கள். இதற்கு நம் மொழி அருமையான கருவி. ஒரு பிரிவைத் தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள்: "அரசு பெண்களுக்கு நிலப் பட்டா வழங்கும்." "அரசு வழங்க முயலும்." "அரசு வழங்கலாம்." "வழங்குவது குறித்துக் கருத்தில் கொள்ளும்." நான்கும் ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கும்போது ஒன்றுபோலக் கடந்துபோகும். தமிழில் எழுதிய உடனே பல்லிளிக்கும். எங்கள் குழுவில் "வழங்கும்" போன்ற நேரடி வினைக்குக் கறுப்புக் கோடு, "முயலும்", "கருத்தில் கொள்ளும்", "லாம்" போன்றவற்றுக்குப் புள்ளிக் கோடு என்று வைத்திருக்கிறோம். ஆயுதம், அதிகாரப் பகிர்வுப் பக்கங்கள் கறுப்பாக இருக்கும். பெண்கள் வருகிற பக்கங்களைப் பிரித்தால் புள்ளிகளாகக் கிடக்கும். அடுத்து, யார் செய்வார், எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறதா என்று ஓரத்தில் எழுதுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை

பெண்கள் பங்கேற்றால் ஒப்பந்தம் பதினைந்து ஆண்டு நீடிக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடும் என்ற கணக்கு உங்களுக்கு எல்லா இடத்திலும் கிடைக்கும். 1989 முதல் 2011 வரையிலான 182 ஒப்பந்தங்களை வைத்துச் செய்த ஆய்வு அது. பயனுள்ளதுதான். ஆனால் சேர்ந்து நடப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. நம் வாதத்தை முழுக்க அதன் தலையில் சுமத்தாதீர்கள். நாளை யாராவது வேறு எண்ணைக் கொண்டுவந்தால், பெண்கள் எழுந்து போய்விட வேண்டுமா? அவர்கள் நிலமும் பிள்ளைகளும் உடம்பும் பற்றிய முடிவு அங்கே எடுக்கப்படுகிறது. இடம் கேட்க அந்த ஒரு காரணம் போதும்.

பெண்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். நேபாளத்தின் 3,846 பேர் அதற்குப் பதில்.

ஐந்தாம் படி: இப்போது இலங்கைக்கு வாருங்கள்

2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நார்வே அனுசரணையில் போர்நிறுத்த உடன்படிக்கை. அனுசரணையாளர் என்ற சொல்லை அப்போதைய ஈழத்துப் பத்திரிகைகளில் தினமும் காணலாம். தீர்வை முன்வைக்கும் மத்தியஸ்தர் வேறு, இரு தரப்பும் பேச வசதி செய்து கொடுக்கும் அனுசரணையாளர் வேறு என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும். செப்டம்பரில் தாய்லாந்தில் நேரடிப் பேச்சு தொடங்கியது. இரு பக்கமும் முதன்மைப் பேச்சாளர்கள் ஆண்கள். டிசம்பரில் ஒஸ்லோவில், பெண்களின் நலன்களைப் பேச்சில் சேர்ப்பதற்குத் தனிக் குழு அமைக்க ஒப்புக்கொண்டார்கள். தரப்புக்கு ஐந்து பேராகப் பத்துப் பெண்கள். அரசுத் தரப்புக்கு வரலாற்றறிஞர் குமாரி ஜெயவர்தன, புலிகள் தரப்புக்கு அவர்களின் மகளிர் அரசியல் பிரிவைச் சேர்ந்த தமிழினி தலைமை. நார்வேயின் ஆஸ்ட்ரிட் ஹைபெர்க் அனுசரணையாளர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரல் 21 அன்று புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். குழுவும் அதோடு நின்றது.

கொலம்பியாவின் துணைக்குழுவோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே குழுவுக்கு இரண்டு ஆண்டு வேலை கிடைத்தது, ஒப்பந்த வரைவு அதன் கைக்கு வந்தது. இங்கே பிரதான மேசையிலிருந்து தனியே ஒரு அறை கொடுக்கப்பட்டு, மேசை கவிழ்ந்தபோது அறையும் போயிற்று. போர் முனைகளின் இரு பக்கத்திலிருந்தும் வந்த பெண்கள் ஒன்றாக உட்கார்ந்த அந்தச் சில நாட்கள் வளர்ந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

2009 மே மாதம் போர் இராணுவ முடிவுக்கு வந்தது. ஒப்பந்தம் இல்லை, எனவே கோடு போட்டுப் படிக்கவும் ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக, இலங்கை அரசு அமைத்த நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியின் அறிக்கையைப் படியுங்கள். மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் பதினொரு பேர், பெரும்பான்மை பெண்கள். நாடு முழுவதும் மக்களைக் கேட்டு 2017 ஜனவரியில் அறிக்கை அளித்தார்கள். அடுத்த மாதமே கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள்.

ஆறாம் படி: கேட்கப் போகிறீர்கள் என்றால்

சென்னையில் இருப்பதால் நமக்கு ஒரு வாய்ப்பும் ஒரு பொறுப்பும் உண்டு. வளசரவாக்கத்திலும் அதைச் சுற்றியும் ஈழத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. கும்மிடிப்பூண்டியில் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. ஆனால் படிக்கிற ஆர்வத்தில் நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். தெரிந்தவர் ஒருவர் மூலம், முதலில் சும்மா போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பதிவுக் கருவியை வெளியே எடுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், பெயர் எழுதாதீர்கள். உங்கள் கட்டுரையால் அவர்களுக்கு ஏதேனும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று. முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மஞ்சள் நிறத் துணிப்பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விண்ணப்பங்களின் நகல்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி, சில இடங்களில் மடிப்பு அறுந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தது. "உங்கள் மகன் காணாமல் போனது எந்த ஆண்டு, அம்மா?" என்று கேட்டேன். தாளைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "காணாமல் போகேல்லைப் பிள்ளை. ஆக்கினவை" என்றார். நூலகத்தில் நான்கு ஆண்டு படித்தும் எனக்குக் கிடைக்காத இலக்கணம் அது. போவதற்கு எழுவாய் மகன். ஆக்குவதற்கு எழுவாய் வேறு யாரோ. அவர்களைத்தான் அந்தத் தாய் தேடுகிறார். அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் இந்த வினைச்சொல்லை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன்.

ஏழாம் படி: ஒத்திகை பாருங்கள்

எட்டுப் பேர், ஓர் அறை, மூன்று மணி நேரம். போர் வேண்டாம், சென்னைக்காரர்களுக்குப் புரியும் தகராறு ஒன்று போதும். எங்களுடையது, இரண்டு தெருக்களுக்கு ஒரே தண்ணீர் லாரி. 2019 கோடையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தெருவுக்கு இரண்டு பேச்சாளர், ஒரு மத்தியஸ்தர், வரைவு எழுத ஒருவர், கவனிக்க இருவர். கவனிப்பவர்கள் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள், ஒருவர் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னாரா என்று எழுத வேண்டும்.

முதல் முறை நாங்கள் பாத்திரங்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டோம். பேச்சாளர் நாற்காலிகளில் மூன்றில் தம்பிகள் உட்கார்ந்துவிட்டார்கள். குறிப்பெடுக்கப் பெண்கள் தாமாகவே நோட்டைத் திறந்தார்கள். ஒன்றரை மணி நேரம் எந்தத் தெருவுக்கு எத்தனை லாரி என்ற ஒரே கேள்வி. இரண்டாம் முறை சீட்டுக் குலுக்கினோம். தெருவில் குடத்தோடு உண்மையில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பேச்சாளர் சீட்டு வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "லாரி எத்தனை மணிக்கு வரும்?" நள்ளிரவில் வந்தால் எத்தனை லாரி வந்தும் என்ன பயன், வயதானவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு யார் தூக்கிக் கொடுப்பார்கள், பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எத்தனை நேரம் வரிசையில் நிற்பது? நேரத்தை முந்தின நாளே எழுதி ஒட்ட வேண்டும் என்ற பிரிவு அன்று வரைவில் ஏறியது. எண்ணிக்கையைப் பற்றிய சண்டை பத்து நிமிடத்தில் முடிந்தது. 1325 எதற்கு என்று கேட்ட ஒரு தம்பி, அந்த வரைவை இன்னும் தன் பையில் வைத்திருக்கிறார்.

கடைசிப் படி: தேதி போட்டு வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்

கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் படித்திருப்பீர்கள். வட அயர்லாந்தில் பெண்கள் கூட்டணி வற்புறுத்திக் கொண்டுவந்த குடிமக்கள் மன்றம் 2000-இல் கூடி, 2002-இல் சட்டமன்றத்தோடு சேர்ந்து முடக்கப்பட்டது. பழைய வடிவில் மீண்டும் கூடவில்லை. கூட்டணியும் 2003 தேர்தலில் இடங்களை இழந்து 2006-இல் கலைந்தது. கொலம்பியாவில் 2016 அக்டோபர் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஒப்பந்தம் நூலிழையில் தோற்றது. பாலினம் குறித்த வரிகள் எதிர்ப்புப் பிரசாரத்துக்கு இரையாயின. நவம்பரில் திருத்திய ஒப்பந்தத்தில் அந்த வரிகள் எப்படி மாறின என்று இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்ல பயிற்சி. நேபாளத்தில் மாறாக, பெண்கள் இல்லாத மேசைக்குப் பிறகு 2008-இல் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபையில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வந்தார்கள். ஆனாலும் 2015 அரசியலமைப்பில் தாய் வழிக் குடியுரிமை தந்தை வழிக்குச் சமமாக வரவில்லை.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் கோடு போட்ட ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பெண்களுக்கு வாக்களித்த ஒவ்வொரு பிரிவின் எண்ணையும் கீழே கீழே எழுதுங்கள். எதிரில் மூன்று கட்டங்கள்: நடந்தது, பாதி நடந்தது, நடக்கவில்லை. இன்று தெரிந்ததை நிரப்பி, தேதி போட்டு மூடி வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் திறந்து, வேறு நிற மையில் மறுபடி நிரப்புங்கள்.